டிவி வாங்கப் போறீங்களா? எச்டி, ஃபுல் எச்டி, 4கே, 8கே: சிங்கப்பூர் வீட்டுக்கு எது சரி, எப்படி வாங்கறது

புது வீட்டுக்கு டிவி தேடி அலைஞ்சப்ப ரெசல்யூஷன் (திரைல எத்தன புள்ளிங்கறது) விஷயத்துல எனக்குக் கிடைச்ச குழப்பம் கொஞ்ச நஞ்சமில்ல. ஒரு கடைல 8கே தான் இனிமேன்னு சொல்றாங்க, அடுத்த கடைல 4கே-ல 120 ஹெர்ட்ஸ் இல்லன்னா வாங்கவே வாங்காதீங்கங்கறாங்க, ஆன்லைன்ல போனா இருநூறு வெள்ளிக்கு "4கே சப்போர்ட்"னு போட்டு ஒண்ணு நிக்குது. யாரும் உங்க ஹால் எவ்வளவு பெருசு, எங்க உக்காந்து பாப்பீங்க, என்ன பாப்பீங்கன்னு கேக்கல. ஆனா அந்த மூணு கேள்விலதான் விடை இருக்கு. ஊர்லருந்து புதுசா வந்து வாடகைக்கு இருக்கறவங்களுக்கும் இப்பதான் பிடிஓ (எச்டிபி புது வீடு) சாவி கைக்கு வந்தவங்களுக்கும் சேத்து எழுதறேன், வரிசையா செஞ்சுட்டு வாங்க.

1. சோஃபாவுலருந்து எவ்வளவு தூரம்னு அளங்க

டிவி வரப்போற இடத்துலருந்து, நீங்க சாஞ்சு உக்காந்தா உங்க கண்ணு எங்க இருக்குமோ அது வரைக்கும் டேப் பிடிங்க. சோஃபா விளிம்போட நிறுத்திடாதீங்க, சாஞ்சா தலை இன்னும் முப்பது நாப்பது செமீ பின்னாடி போகும். கன்சோல் மேல வைக்கப் போறீங்கன்னா சுவர்லருந்து டிவி முன்னாடி வந்து நிக்கும், அதையும் கழிச்சுக்குங்க. நாலு ரூம் வீவக (எச்டிபி) வீட்டு ஹால்ல பெரும்பாலும் 2.5 மீட்டர்லருந்து 3 மீட்டருக்குள்ள வரும், படுக்கையறைல கட்டில்லருந்து பாத்தா 2 மீட்டர் இருந்தாலே பெருசு.

இப்ப ஒரு கணக்கு. டிவி எத்தன இன்ச்சோ அத 4-ஆல பெருக்கி 100-ஆல வகுங்க, வர்றது மீட்டர். அந்த தூரத்துக்கு உள்ள உக்காந்தா ஃபுல் எச்டிக்கும் 4கே-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும், அதத் தாண்டி உக்காந்தா சாதாரணப் பார்வை உள்ளவங்களுக்கு அந்த வித்தியாசம் மங்கிப் போயிரும்.

43 இன்ச்: 1.7 மீட்டர்
50 இன்ச்: 2 மீட்டர்
55 இன்ச்: 2.2 மீட்டர்
65 இன்ச்: 2.6 மீட்டர்
75 இன்ச்: 3 மீட்டர்
85 இன்ச்: 3.4 மீட்டர்

காரணம் ரொம்ப எளிசு. நல்ல பார்வை உள்ள கண்ணால ஒரு டிகிரிய அறுபதா பிரிச்சா அதுல ஒரு பங்கு அளவு வரைக்கும்தான் ரெண்டு புள்ளிய தனித்தனியா பாக்க முடியும். 55 இன்ச் ஃபுல் எச்டி டிவில ஒரு புள்ளி 0.63 மில்லிமீட்டர், 2.2 மீட்டர் தள்ளிப் போனா அது அந்த அளவுக்கும் கீழ போயிரும். அதே சைஸ்ல 4கே புள்ளி அதுல பாதி, அதனால அந்த தூரமும் பாதி. 8கே-யோட பலன் தெரியணும்னா 65 இன்ச்சுக்கு 1.3 மீட்டருக்குள்ள உக்காரணும், எந்த ஹால்ல அப்படி உக்காருவோம்?

கண்ணாடி போட்டாலும் தூரப் பார்வை மங்கலா இருக்கற அப்பா அம்மாவுக்குத்தான் டிவின்னா, கூடுதல் புள்ளிக்கு செலவு பண்றத விட ஒரு சைஸ் பெருசா வாங்கறது அவங்களுக்கு உபயோகம்.

2. பெட்டில எழுதியிருக்கற பேரை நம்பாதீங்க, நம்பரப் பாருங்க

எச்டி டிவின்னா 1366 × 768, இல்ல 1280 × 720. ஃபுல் எச்டி 1920 × 1080, அதாவது சுமார் 20 லட்சம் புள்ளி. 4கே, யூஎச்டி ரெண்டும் டிவி கடைல ஒண்ணுதான், 3840 × 2160, சுமார் 83 லட்சம் புள்ளி. 8கே 7680 × 4320, 3 கோடியே 30 லட்சம் புள்ளிக்கு மேல. "4கே வேற யூஎச்டி வேற, இது ஒசத்தி"ன்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க, சினிமா தியேட்டர்ல இருக்கற 4கே கொஞ்சம் அகலம் ஜாஸ்தி, 4096, ஆனா அது வீட்டு டிவிக்கு சம்பந்தமில்லாதது.

இதுல ரெண்டு பொறி இருக்கு. ஒண்ணு "எச்டி ரெடி". 32 இன்ச் டிவிங்கள்ல பெரும்பாலும் இதுதான், எச்டின்னு கொட்ட எழுத்துல போட்டிருக்கும், ஸ்பெக் ஷீட்ல பாத்தா 1366 × 768. கட்டில்லருந்து ரெண்டு மீட்டர்ல வசந்தம் செய்தி பாக்கறதுக்கு இது தாராளம், ஆனா அதே டிவிய மேசைல வச்சு லேப்டாப் மாட்டணும்னா எழுத்தெல்லாம் பிசிறடிக்கும், அதுக்கு 32 இன்ச்லயே ஃபுல் எச்டி இருக்கற மாடலத் தேடிப் பிடிங்க, கிடைக்கும்.

இன்னொண்ணு "4கே சப்போர்ட்", "4கே டீகோடிங்". மலிவு புரொஜெக்டர்லயும் பேர் தெரியாத டிவிலயும் இது அதிகம். 4கே வீடியோவ உள்ள வாங்கி சின்னதாக்கிக் காட்டும்னுதான் அதுக்கு அர்த்தம், திரைல மேலருந்து கீழ இருக்கற புள்ளி வரி 720-ஓ 1080-ஓதான். ஆன்லைன்ல விக்கறவங்ககிட்ட மெசேஜ்ல "நேட்டிவ் ரெசல்யூஷன் எவ்வளவு"ன்னு கேளுங்க, நம்பரா பதில் வரலன்னா வாங்காதீங்க. பதில் வந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, பின்னால தகராறு வந்தா அதான் உங்க கைல இருக்கற ஆதாரம்.

3. உங்க வீட்ல என்ன ஓடப்போகுது

நாம பாக்கறதுல உண்மையிலேயே 4கே எவ்வளவுன்னு யோசிச்சா கணக்கு மாறிரும். மீடியாகார்ப் சேனல்ங்க, வசந்தமும் சேத்து, எச்டில வருது. சிங்டெல், ஸ்டார்ஹப் பாக்ஸ்ல வர்ற தமிழ் சேனலும் பெரும்பாலும் எச்டி இல்லன்னா அதுக்கும் கீழ. யூடியூப்ல நாம தேடிப் போட்டுப் பாக்கற பழைய பாட்டு, காமெடி சீன் எல்லாம் 480 வரி, சிலது 360. 4கே-ன்னா நெட்ஃபிளிக்ஸ் மாதிரி ஆப்ல வர்ற புதுப் படம், சீரிஸ், யூடியூப்ல புதுசா எடுத்த வீடியோ, பிஎஸ்5 மாதிரி கேம், அவ்வளவுதான்.

அதுலயும் நெட்ஃபிளிக்ஸ்ல 4கே வேணும்னா பிரீமியம் பிளான் கட்டணும், ஸ்டாண்டர்ட் பிளான் ஃபுல் எச்டியோட நின்னுரும். 4கே டிவி வாங்கிட்டு மாசாமாசம் ஸ்டாண்டர்ட் கட்டறவங்க நிறைய பேர், படம் ஏன் கடைல பாத்த மாதிரி இல்லன்னு டிவியத் திட்டிட்டு இருப்பாங்க. வேகம் நெட்ஃபிளிக்ஸ் சொல்றபடி 15 எம்பிபிஎஸ் போதும், நம்ம ஊர் ஃபைபருக்கு அது ஒண்ணுமே இல்ல, பிரச்சன எல்லாம் ஷெல்டர் (வீட்டுக்குள்ள இருக்கற கெட்டிக் கான்கிரீட் பாதுகாப்பு அறை) சுவரத் தாண்டி வர்ற வைஃபைலதான். ஷெல்டர்க்குள்ள ரவுட்டர் வச்சிருக்கற வீடுன்னா டிவி இருக்கற மூலைக்கு சிக்னல் எவ்வளவு வருதுன்னு ஃபோன வச்சு முன்னாடியே டெஸ்ட் பண்ணிருங்க. கேபிள் இழுத்தா பெட்டர், டிவில இருக்கற நெட்வொர்க் போர்ட் பல மாடல்ல 100 எம்பிபிஎஸ்தான், ஆனா 4கே-க்கு அது தாராளம்.

அதனால பழைய படமும் சீரியலும்தான் ஓடப்போகுதுன்னா, புள்ளி எத்தனங்கறத விட, குறைஞ்ச ரெசல்யூஷன்ல வர்ற படத்த டிவி எவ்வளவு நல்லா பெருசாக்கிக் காட்டுதுங்கறதுதான் உங்களுக்கு முக்கியம். எப்படி செக் பண்றதுன்னு அஞ்சாவதுல சொல்றேன்.

4. முடிவு எடுங்க

32 இன்ச், படுக்கையறை, சேனல் மட்டும்: எச்டி போதும். கம்ப்யூட்டரும் மாட்டணும்னா ஃபுல் எச்டி.

43 இன்ச்: 4கே-யே வாங்கிருங்க. கட்டில்லருந்து வித்தியாசம் பெருசா தெரியாது, ஆனா இந்த சைஸ்ல ஃபுல் எச்டிக்கும் 4கே-க்கும் விலைல ரொம்ப இடைவெளி இல்ல, வீட்லருந்து வேலை பாக்கறவங்களுக்கு மானிட்டராவும் ஆகும்.

50-லருந்து 75 வரைக்கும்: 4கே. யோசிக்கவே வேணாம், கடைல இருக்கறது எல்லாமே அதுதான். இங்க நீங்க யோசிக்க வேண்டியது மிச்சக் காச எதுல போடறதுங்கறத. என் கருத்து, 3 மீட்டர்ல உக்காரற ஹாலுக்கு 55 இன்ச் ஒசத்தி மாடலும் 65 இன்ச் சாதா மாடலும் ஒரே விலைன்னா, நெறைய படம் பாக்கறவங்க, ராத்திரி லைட்ட அணைச்சுட்டு பாக்கறவங்க 55 ஒசத்திய எடுங்க. கருப்பு கருப்பா தெரியறது, வெளிச்சம், கலர், இதெல்லாம் எத்தன மீட்டர்ல உக்காந்தாலும் தெரியும். கிரிக்கெட்டும் ஃபுட்பாலும்தான் உயிர்னா 65.

8கே: வேணாம். 8கே-ல எடுத்து 8கே-ல அனுப்பற படம், சேனல் நமக்கு இல்ல, 85 இன்ச் வாங்கினா கூட 1.7 மீட்டர்ல உக்காந்தாதான் பலன், விலை பல ஆயிரம் வெள்ளி, கரண்டும் ஜாஸ்தி இழுக்கும்.

விலை தோராயமா சொல்றேன், ஆஃபர் நேரத்துல மாறும். 32 இன்ச் இருநூறு முந்நூறு வெள்ளிக்குள்ள, 55 இன்ச் 4கே டிசிஎல், ஹைசென்ஸ், ஷாவ்மி மாதிரி பிராண்ட்ல ஐந்நூறுலருந்து எண்ணூறு, சாம்சங், எல்ஜி, சோனின்னா அதுக்கு மேல, ஓலெட்னா (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி விடற திரை) ஆயிரத்தைந்நூறத் தாண்டும்.

5. கடைல நின்னு பாக்கும்போது

கடைல ஓடற வீடியோ எல்லாம் டிவிய விக்கறதுக்குன்னே எடுத்த 4கே வீடியோ. பூ, தேன்கூடு, நியூயார்க் ராத்திரி. போதாக்குறைக்கு டிவி "ஸ்டோர் மோட்"ல இருக்கும், வெளிச்சம் முழுசா ஏத்தி வச்சிருப்பாங்க. அத வச்சு முடிவு எடுக்காதீங்க.

பணிவா சொல்லி யூடியூப் திறக்கச் சொல்லுங்க, இல்ல பென் டிரைவ்ல நீங்களே ஒரு கிளிப் கொண்டு போங்க. பழைய பாட்டு ஒண்ணு, 480-ல வர்றதா பாத்துப் போடுங்க, முகத்த குளோஸ் அப்ல காட்டற இடத்துல நிறுத்துங்க. நல்ல டிவில கன்னமும் கன்னம் மாதிரி இருக்கும், புருவத்துல முடி தெரியும். சுமாரான டிவில முகம் மெழுகு பூசின மாதிரி வழுவழுன்னு ஆயிரும், தலைமுடி ஓரத்துல வெள்ளையா ஒரு கோடு ஓடும், கூர்மையக் கூட்டறேன்னு சாஃப்ட்வேர் போடற கோடு அது. அடுத்து புடவை சரசரன்னு நகர்ற இடம் வரைக்கும் ஓட விடுங்க, ஜரிகை பார்டர் கட்டம் கட்டமா உடையுதான்னு பாருங்க. ரெண்டு மூணு டிவில இதே கிளிப்ப போட்டுப் பாத்தாலே விலை வித்தியாசம் எதுக்குன்னு தெரிஞ்சிரும். உங்க வீட்டு தூரத்துல நின்னு பாருங்க, ரெண்டு மீட்டரோ மூணோ, அடி எடுத்து வச்சு எண்ணிட்டு பின்னால போங்க.

அப்புறம் கேக்க வேண்டிய கேள்வி. ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு எத்தன தடவ திரைல படம் மாறுதுங்கறது, நேட்டிவா எவ்வளவு? "மோஷன் 240", "288 ஹெர்ட்ஸ்"னு போட்டிருக்கறது பல சமயம் நிஜ நம்பர் இல்ல. சில மலிவு 4கே டிவி 60 ஹெர்ட்ஸ் பேனல்லயே 120 ஓட்டுது, எப்படின்னா மேலருந்து கீழ இருக்கற 2160 வரிய பாதியாக்கி 1080-ஆ ஆக்கிட்டு. கேம் ஆடறவங்களுக்கு இது தெரியணும், 120-ல ஆடும்போது நீங்க காசு குடுத்த 4கே உங்களுக்கு வராது. ஸ்பெக் ஷீட்ல டிஎல்ஜின்னு இருந்தா இதான்.

எச்டிஎம்ஐ (பாக்ஸ், கேம், லேப்டாப் மாட்டற போர்ட்) எத்தனை, எந்த வெர்ஷன்? 2.0 இருந்தா 4கே 60 ஹெர்ட்ஸ் ஓடும், சாதாரண வீட்டுக்கு அது போதும். பிஎஸ்5-ல 4கே 120 வேணும்னா 2.1, அதுவும் 48 ஜிபிபிஎஸ் கேபிளோட. 1.4 போர்ட்ல 4கே 30 ஹெர்ட்ஸ்தான், மவுஸ் நகர்றதே இழுத்து இழுத்து நகரும்.

6. லேபிள், டியூனர், வெளிநாட்டு செட்

மூணு விஷயம் பாருங்க. சேஃப்டி மார்க் இருக்கணும், சிங்கப்பூர்ல டிவி விக்கணும்னா அது கட்டாயம். எனர்ஜி லேபிள்ல டிக் எத்தனன்னும் வருஷத்துக்கு எத்தன யூனிட்னும் போட்டிருக்கும், ஒரே சைஸ்ல ரெண்டு டிவிக்கு நடுவுல அந்த யூனிட் நம்பர ஒப்பிடுங்க. 100 வாட் டிவி தினம் அஞ்சு மணி நேரம் ஓடினா வருஷத்துக்கு 180 யூனிட் சொச்சம், யூனிட் 30 காசுன்னு வச்சா 55 வெள்ளி. மூணாவது டிவிபி-டி2 டியூனர், ஆன்டெனாவுல வர்ற டிஜிட்டல் சேனலப் பிடிக்கற பாகம். 2019 தொடக்கத்துலருந்து இங்க அனலாக் ஒளிபரப்பு கிடையாது, இந்த டியூனர் இல்லன்னா தனியா பாக்ஸ் வாங்கினாத்தான் வசந்தம் வரும். ஊர்லருந்து கொண்டு வர்ற செட்லயும், மலிவா வர்ற இறக்குமதி செட்லயும் இத கட்டாயம் பாருங்க.

ஜேபில (மலேசியாவுல இருக்கற ஜோகூர் பாரு) வாங்கிட்டு வரலாமான்னு பல பேர் கேக்கறாங்க. 48 மணி நேரத்துக்கு மேல வெளில இருந்திருந்தா 500 வெள்ளி வரைக்கும் ஜிஎஸ்டி சலுகை, கம்மின்னா 100 வெள்ளிதான், மிச்சத்துக்கு 9 சதவீதம் கட்டணும். வொர்க் பெர்மிட், எம்ப்ளாய்மென்ட் பாஸ், ஸ்டூடன்ட் பாஸ், டிபென்டன்ட் பாஸ் வச்சிருக்கறவங்களுக்கு அந்த சலுகையே இல்ல, முழு விலைக்கும் கட்டணும். சேவைக்கு அங்கயே தூக்கிட்டுப் போகணும்ங்கறதையும் கணக்குல சேத்துக்குங்க.

முஸ்தபால வாங்கி ஊருக்குக் கொண்டு போற அண்ணன் தம்பிங்களுக்கு: 2013 ஆகஸ்ட்ல இந்தியா தட்டைத் திரை டிவிய இலவச லக்கேஜ் சலுகைலருந்து எடுத்துட்டாங்க. டிக்கெட் போடறதுக்கு முன்னாடி இந்திய கஸ்டம்ஸ் தளத்துல இன்னிக்கு வரி எவ்வளவுன்னு பாருங்க, பெரும்பாலும் ஊர்லயே வாங்கறது லாபமா இருக்கும்.

7. காசும் நேரமும்

புது வருஷ மாடல்ங்க மார்ச்லருந்து ஜூன் வாக்குல வந்து இறங்கும், அப்ப போன வருஷ மாடல் விலை விழும். ரெசல்யூஷன் ரெண்டுலயும் அதேதான், அதனால தைரியமா பழைய மாடல எடுக்கலாம். 11.11, பிளாக் ஃபிரைடே, சீனப் புத்தாண்டுக்கு முந்தின வாரங்கள் நல்லது. அவசரம்னா கோர்ட்ஸ், பெஸ்ட் டென்கி, ஹார்வி நார்மன், கெயின் சிட்டி நாலுலயும் ஒரே மாடல் நம்பரப் போட்டு ஆன்லைன்ல விலை பாத்துட்டு அப்புறம் நேர்ல போங்க. மாடல் நம்பர்ல கடைசி எழுத்து வரைக்கும் ஒண்ணா இருக்கணும், ஒரு எழுத்து மாறினாலும் உள்ள பேனல் வேறயா இருக்கலாம்.

கிரெடிட் கார்டுல வட்டியில்லா தவணை கிடைக்கும், பிராசசிங் ஃபீ இருக்கான்னு கேட்டுக்குங்க. கடையோட சொந்தத் தவணைன்னா ஐசி இல்ல பாஸ், சம்பள ஸ்லிப், முகவரிக்கு ஆதாரம் கேப்பாங்க, எடுத்துட்டுப் போங்க, மொத்தம் எவ்வளவு கட்டப்போறோம்னு எழுத்துல வாங்கிட்டு கையெழுத்து போடுங்க.

டிவி விலைக்கு மேல பிராக்கெட்டும் மாட்டற கூலியும் ஐம்பதுலருந்து நூத்தைம்பது வெள்ளி வரும். வாடகை வீடுன்னா சுவர்ல துளை போட ஓனர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க, வாட்சாப் மெசேஜ் கூட போதும், இல்லன்னா ஸ்டாண்ட்லயே வைங்க. ஷெல்டர் சுவர்ல மாட்டறதா இருந்தா எஸ்சிடிஎஃப் (குடிமைத் தற்காப்புப் படை) விதிமுறையப் படிச்சிட்டு செய்ங்க. 75-க்கு மேல வாங்கறவங்க லிஃப்ட் கதவு அகலமும் உயரமும் அளந்து கடைக்குச் சொல்லுங்க, பெட்டி டிவிய விட நல்லாவே பெருசா இருக்கும், படுக்க வச்சுத் தூக்கவும் கூடாது.

8. டெலிவரி நாள்

டெலிவரி ஆர்டர்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி டிவிய ஆன் பண்ணச் சொல்லுங்க. பின்னால இருக்கற ஸ்டிக்கர்ல மாடல் நம்பர் ரசீதோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், கருப்புன்னு முழுத்திரை கலர் வீடியோ யூடியூப்ல இருக்கு, போட்டு செத்த புள்ளி (ஒளியே விடாத புள்ளி) இருக்கான்னு கிட்டப் போய் பாருங்க. ஒண்ணு ரெண்டு செத்த புள்ளிக்கு பல கம்பெனி மாத்தித் தராது, அதனால அன்னிக்கே சொல்லிடறது நல்லது.

அவங்க போனப்புறம் ரெசல்யூஷன் உண்மையா வருதான்னு ஒரு சோதன. யூடியூப்ல ஒரு 4கே வீடியோ போட்டு செட்டிங்ஸ்ல "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" ஆன் பண்ணுங்க, மூலைல சின்ன எழுத்துல ஒரு பெட்டி வரும், அதுல ரெசல்யூஷன் வரில 3840 × 2160 இருக்கணும். 1920-லயே நிக்குதுன்னா வைஃபையப் பாருங்க, அப்புறம் தரத்த கைல 2160-க்கு மாத்துங்க.

பாக்ஸ், கேம், லேப்டாப் மாட்டறவங்க இன்னும் ரெண்டு செட்டிங் பாக்கணும். படத்தோட ஓரத்த வெட்டி பெருசாக்கிக் காட்டற பழக்கம் பல டிவில இன்னும் இருக்கு, அது ஆன்ல இருந்தா ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளின்னு வராது, படம் மசமசன்னு இருக்கும். சாம்சங்ல "ஃபிட் டு ஸ்கிரீன்", எல்ஜில "ஜஸ்ட் ஸ்கேன்", சோனில "ஃபுல் பிக்சல்". எச்டிஎம்ஐ போர்ட்டும் சில டிவில குறைஞ்ச வேகத்துல பூட்டி வந்திருக்கும், சாம்சங்ல "இன்புட் சிக்னல் பிளஸ்", எல்ஜில "டீப் கலர்", சோனில "என்ஹான்ஸ்டு ஃபார்மட்", நீங்க மாட்டின போர்ட்டுக்கு அத ஆன் பண்ணுங்க. படத்துக்கு "சினிமா" இல்ல "ஃபிலிம்மேக்கர்" மோட் வைங்க, ஷார்ப்னஸ நல்லா குறைங்க.

9. பேப்பர், புகார், பழைய டிவி

ரசீது, டெலிவரி ஆர்டர், வாரண்டி பதிவு மூணையும் ஃபோட்டோ எடுத்து ஒரே இடத்துல போட்டு வைங்க, ரசீது மை ஒரு வருஷத்துல மங்கிரும். வாரண்டிய ஆன்லைன்ல பதியணும்னா முதல் வாரமே பதிஞ்சிருங்க. பெட்டியும் தெர்மோகோலும் கொஞ்ச நாள் இருக்கட்டும்.

சொன்ன ரெசல்யூஷன் இல்ல, பழுதுன்னா, முதல்ல கடைகிட்ட எழுத்துல கேளுங்க. லெமன் லா, அதாவது குறையுள்ள பொருள் வாங்கினவங்களுக்கான பாதுகாப்புச் சட்டம், 2012 செப்டம்பர்லருந்து இருக்கு, வாங்கி ஆறு மாசத்துக்குள்ள குறை தெரிஞ்சா அது குடுக்கும்போதே இருந்ததாத்தான் எடுத்துக்குவாங்க, இல்லன்னு கடைதான் நிரூபிக்கணும். ஒத்து வரலன்னா கேஸ் (CASE), அதாவது சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்துகிட்ட போகலாம், அதுக்கும் மேல சிறு வழக்கு நடுவர் மன்றம், 20,000 வெள்ளி வரைக்கும், ரெண்டு வருஷத்துக்குள்ள, வக்கீல் வேணாம்.

பழைய டிவிய குப்பைல போட வேணாம், காசு குடுத்தும் அனுப்ப வேணாம். 2021 ஜூலைலருந்து புது டிவி கொண்டு வந்து குடுக்கற கடை பழசு ஒண்ண இலவசமா எடுத்துட்டுப் போகணும்ங்கறது விதி. பணம் கட்டும்போதே இத சொல்லி டெலிவரி ஆர்டர்ல எழுதச் சொல்லுங்க, அன்னிக்கு வாசல்ல வச்சு சொன்னா வண்டில இடம் இல்லம்பாங்க.